பொன்னியை வீட்டில் விட்டுவிட்டு, முதலில் நீங்கள் மட்டும் நடந்து வாருங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் பொன்னி என்று ஒரு சிப்பிப்பாறை நாய் இருக்கிறாள். இரண்டரை வயது. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவளை ஆறு மாதக் குட்டியாக வாங்கி வந்தோம். மடிப்பாக்கத்தில் தனி வீடு. வீட்டுக்குள் செல்லமாக இருப்பாள். வெளியே போனால் ஆரம்பத்திலிருந்தே பயந்த சுபாவம். குப்பை வண்டிக்குக்கூட ஒதுங்குவாள். போன மாதம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு என் கணவர் வாக்கிங் கூட்டிப் போனபோது, தெருமுனையில் மூன்று தெருநாய்கள் சூழ்ந்துகொண்டன. அவர் கயிற்றை இழுத்துப் பிடிக்க, இவள் பின்னால் போய்க் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி ஒரு காருக்கு அடியில் கண்டுபிடித்தோம். காயம் எதுவும் தெரியவில்லை. அதிலிருந்து கேட்டைத் தாண்ட மாட்டேன் என்கிறாள். கயிற்றை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறாள். “கிணத்துல தள்ளிவிட்டாத்தான் நீச்சல் வரும். ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போங்க, நாலு நாயோட பழகினா எல்லாம் சரியாயிடும்” என்கிறார் மாமனார். கையில் கம்பு வைத்துக்கொண்டால் போதும் என்கிறார் கணவர். வீட்டிலேயே அடைத்து வைத்திருப்பது பாவமில்லையா என்று எனக்கு உறுத்துகிறது. என்ன செய்யலாம்?
— மடிப்பாக்கம் வாசகி

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். பாவமில்லை. இப்போதைக்கு அவளை வெளியே கூட்டிப் போகாமல் இருப்பதுதான் அவளுக்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி. நாய் என்றால் தினமும் வாக்கிங் போயே ஆக வேண்டும் என்று நம் மனதில் பதிந்துவிட்டது. ஒரு நாய்க்கு வேண்டியது மோந்து பார்க்க ஏதாவது, கொஞ்சம் ஓட்டம், நிம்மதியான தூக்கம். இந்த மூன்றும் தெருவில் கிடைக்காவிட்டால் மொட்டை மாடியில் கொடுக்கலாம். அப்படிச் சில வாரங்கள் போனால் எந்த நாயும் கெட்டுவிடாது.

கூட்டிப் போவதை நிறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நன்றாகப் பயந்துபோன நாயின் உடம்பு அன்றைக்கே பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. பயத்தில் ஏறிய ரசாயனங்கள் இறங்கச் சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். அதற்குள் குப்பை வண்டிச் சத்தம், அதற்கு மேல் பக்கத்து வீட்டுப் பட்டாசு, அதற்கும் மேல் தெருமுனை நாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால், சாதாரணமாக ஒதுங்கிப் போகிற விஷயத்துக்குக்கூட அவள் அலறி ஓடுவாள். கயிற்றைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதை அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கயிறு வந்தால் என்ன நடக்கும் என்பது அவளுக்குத் தெளிவாக நினைவிருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து, கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். காயம் தெரியவில்லை என்கிறீர்கள். ஆனால் சிப்பிப்பாறைக்குத் தோல் மெல்லியது, முடி குட்டை, உடம்பில் கொழுப்பே கிடையாது. கடிபட்டிருந்தால் மேலே ஊசி குத்திய அளவுக்குப் புள்ளி இருக்கும், உள்ளே சதை கிழிந்திருக்கும். தொடை, வயிற்றோரம், வாலடி ஆகிய இடங்களில் முடியை எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள், சின்னப் பொருக்கு தட்டுப்படுகிறதா என்று. சென்னையில் உண்ணிக் காய்ச்சலும் சகஜம். அதில் மூட்டு வலி, சோர்வு எல்லாம் வரும். வலியோடு இருக்கிற நாய் எதற்கும் பயப்படும். ஒரு ரத்தப் பரிசோதனை செய்தால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். அப்படியே வெறிநாய்த் தடுப்பூசியின் தேதியையும் பாருங்கள். கெடு தாண்டியிருந்தால் அன்றைக்கே போட்டுக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மாமனார் சொன்ன கிணறு. அவர் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் நீச்சல் கற்றார்கள், மறுக்கவில்லை. ஆனால் இடுப்பில் சுரைக்குடுக்கையோ கயிறோ கட்டித்தான் தள்ளினார்கள். மேலே சித்தப்பாவோ மாமாவோ நின்றுகொண்டிருந்தார். அதையும் மீறி ஒன்றிரண்டு பேர் ஆயுசுக்கும் தண்ணீர்ப் பக்கமே போகாமல் இருந்துவிட்டார்கள். அவர்களை நாம் கணக்கில் சேர்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் பொன்னியை விட்டால் இதுதான் நடக்கும். அங்கே கடற்கரையிலேயே வசிக்கிற நாய்கள் உண்டு, கயிறு அவிழ்த்துவிட்ட வீட்டு நாய்கள் உண்டு, பந்து, சைக்கிள், பஜ்ஜிக் கடை, கூட்டம் எல்லாம் உண்டு. ஓடி ஒளிய ஒரு மறைவுகூடக் கிடையாது. பொன்னி அங்கே அசையாமல் நின்றால் “பார், பழகிவிட்டது” என்பார்கள். அது பழக்கமே இல்லை. தப்பிக்க வழி இல்லை என்று தெரிந்து உறைந்து நிற்கிறாள். நாலு நாயோடு பழக வேண்டிய வயது பிறந்த மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரை. அந்தச் சமயத்தில் அவள் தோட்டத்தில் இருந்தாள். நகரத்துத் தெருவையும் தெரியாத நாய்களையும் பார்த்திருக்கவே மாட்டாள். உங்கள் பிழை எதுவும் இல்லை. இப்போது கற்றுக்கொள்ள முடியாது என்றும் இல்லை. ஆனால் இனிமேல் மெதுவாகத்தான் வரும்.

கம்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கழுத்துப்பட்டை.

சிப்பிப்பாறை, கன்னி போன்ற நாய்களுக்குக் கழுத்து நீளம், தலை குறுகல். சாதாரணப் பட்டையை எத்தனை இறுக்கிப் போட்டாலும், பின்னோக்கி இழுத்தால் காதை மடித்துக்கொண்டு தலை வெளியே வந்துவிடும். அன்றைக்கு உங்கள் கணவர் கையில் வெறும் பட்டை மிஞ்சியது இப்படித்தான். இந்த மாதிரி நாய்களுக்கென்றே மார்ட்டிங்கேல் பட்டை என்று ஒன்று இருக்கிறது. இழுத்தால் ஓரளவுக்கு மட்டும் இறுகும். கழுத்தை நெரிக்காது, தலையையும் உருவ விடாது. கடைக்காரர் இதற்குப் பதிலாக இறுக்கும் சங்கிலியை எடுத்துக் கொடுப்பார், வேண்டாம் என்று சொல்லுங்கள். மார்ட்டிங்கேலோடு, மார்பைச் சுற்றிக் கட்டுகிற வார்ப்பட்டையான ஹார்னஸ் ஒன்றும் போடுங்கள். கயிற்றின் ஒரு முனை ஹார்னஸில், சின்ன இணைப்பு ஒன்று பட்டையில். ஒன்று நழுவினாலும் இன்னொன்று பிடிக்கும். கயிறு இரண்டு மீட்டர் துணி நாடா போதும். பொத்தானை அழுத்தினால் நீள்கிற கயிறு தெருநாய் இருக்கும் இடத்துக்கு ஆகவே ஆகாது. பதறிய நேரத்தில் பூட்டு விழாது, கையையும் அறுக்கும். பட்டையில் உங்கள் கைபேசி எண் இருக்கட்டும். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். எடுக்கவில்லை என்றால் இந்தச் சாக்கில் எடுத்துவிடுங்கள். தோலுக்கு அடியில் வைக்கிற அடையாளச் சில்லான மைக்ரோசிப்பும் இருந்தால், ஓடிப்போன நாய் திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு கூடும்.

இதையெல்லாம் வாங்கியதும் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். புதுக் கயிற்றைத் தரையில் போட்டு, பக்கத்தில் உப்புப் போடாமல் வேகவைத்த கோழி ஈரல் இரண்டு துண்டு வையுங்கள். அவள் வந்து தின்றால் சரி, வராவிட்டாலும் சரி. நாலு நாளில் கயிற்றைக் கண்டால் ஈரல் நினைவுக்கு வரும். அப்புறம் மாட்டிவிட்டு, கூடத்திலேயே ஒரு சுற்று நடந்து கழற்றிவிடுங்கள். பழைய பட்டையை அவள் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள்.

மாடியில் வெயில் தாழ்ந்ததும், பழைய துண்டைச் சுருட்டி அதற்குள் தீனியை ஒளித்து வையுங்கள். செடித்தொட்டிகளுக்குப் பின்னால் அங்கங்கே போடுங்கள். மோப்பம் பிடித்துத் தேடுவது நாய்க்கு நல்ல வேலை, மனதையும் அடக்கும். மூத்திரத்துக்கு வெளியேதான் போவேன் என்கிற நாயானால், மாடியில் ஒரு தட்டில் அவளுக்குப் பழகின மண்ணையும் புல்லையும் போட்டுப் பாருங்கள். மாடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிப்பிப்பாறைக்கு நாலடிச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

இந்த இடைவெளியில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இந்தப் பதிலில் முக்கியமானது என்று நான் நினைப்பது இதைத்தான். பொன்னியை வீட்டில் விட்டுவிட்டு, வாக்கிங் போகிற அதே பாதையில் நீங்கள் தனியாக நடங்கள். காலையில் ஒருநாள், பத்து மணிக்கு ஒருநாள், மாலையில் ஒருநாள், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒருநாள். தெருநாய் நமக்குத்தான் கண்ட இடத்தில் திரிவதுபோலத் தெரியும். உண்மையில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எல்லை உண்டு. இந்த டிரான்ஸ்ஃபார்மர் முதல் அந்த இஸ்திரி வண்டி வரை ஒரு கூட்டம், கறிக்கடை வாசல் இன்னொரு கூட்டம். குரைத்துக்கொண்டே பின்னால் வருகிற நாய் ஓரிடத்துக்கு வந்ததும் சட்டென்று நின்று திரும்பிப் போவதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் அதன் எல்லைக்கோடு. அந்தக் கோடு எங்கெங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அன்றைக்கு மூன்று நாய்கள் வந்த தெருமுனை அநேகமாக ஒரு கோட்டின் மேல்தான் இருக்கும்.

நடக்கும்போது இன்னும் சிலவற்றையும் கவனியுங்கள். காது நுனி வெட்டப்பட்டிருந்தால் அது கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாய். குட்டி போட்ட தாய் எந்தப் பள்ளத்தில், எந்தக் கட்டடத்தில் இருக்கிறது? குட்டிகள் வளரும் வரை, இரண்டு மாதமாவது, அந்தத் தெருப்பக்கமே போகாதீர்கள். தெருவில் மிகச் சாதுவான நாய்கூடக் குட்டி இருந்தால் பாயும். எந்த வீட்டுக்காரர் எத்தனை மணிக்குச் சோறு வைக்கிறார்? சோற்றுத் தட்டைச் சுற்றி நிற்கிற நாய்களின் நடுவே இன்னொரு நாயைக் கூட்டிப் போனால் சண்டை நிச்சயம். சோறு வைப்பவரிடம் நேராகப் போய்ப் பேசுங்கள். அவருக்கு ஒவ்வொரு நாயின் குணமும் தெரியும்: “அந்தக் கறுப்பன் சும்மா கத்துவான், ஒன்றும் செய்ய மாட்டான், செவலைதான் சத்தமில்லாமல் வருவான்” என்று பெயரோடு சொல்வார். அந்த ஒரு தகவல் நான் இங்கே எழுதுகிற பத்துப் பத்தியைவிட உங்களுக்கு உதவும்.

தனியாக நடக்கும்போது அந்த நாய்களுக்கும் உங்களைத் தெரியவரும். தூரத்திலிருந்து ஒன்றிரண்டு பிஸ்கட்டை அவற்றின் பக்கமாகப் போட்டுவிட்டு நிற்காமல் நடந்து போங்கள். கையால் ஊட்ட வேண்டாம், கொஞ்ச வேண்டாம், சாக்லேட் பூசிய பிஸ்கட்டும் வேண்டாம். உங்கள் வீட்டு வாசலிலோ அதன் பக்கத்திலோ போடாதீர்கள். பிறகு அங்கேயே வந்து படுத்துக்கொள்ளும். சில வாரங்களில் நீங்கள் அந்தத் தெருவுக்குத் தெரிந்த ஆள் ஆகிவிடுவீர்கள். பொன்னியோடு வருகிறவர் புது ஆளாக இருப்பதும், தினமும் பிஸ்கட் போடுகிறவராக இருப்பதும் அந்த நாய்களுக்கு ஒன்றில்லை. குரைப்பு முழுக்க நின்றுவிடாது, ஆனால் சூழ்ந்துகொள்வது பெரும்பாலும் குறையும்.

நேரமும் இப்படிப் பார்த்தால்தான் தெரியும். தெருநாய்கள் விடியலிலும் இருட்டிய பிறகும்தான் சுறுசுறுப்பாக இருக்கும். தெரு காலியாக இருக்குமே என்று உங்கள் கணவர் போன ஐந்தரை மணி அவற்றின் நேரம். எட்டரை, ஒன்பதுக்கு மேல் கார் நிழலில் சுருண்டு தூங்கும். ஆனால் அப்போது பள்ளி வேன்கள், அதன்பின் வெயில். புறங்கையைத் தார் ரோட்டில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். வைக்க முடியாவிட்டால் அவள் பாதமும் வெந்துபோகும். மழைக்காலத்தை ஒட்டித் தெருநாய்கள் இனச்சேர்க்கைக்காகக் கூட்டம் கூட்டமாகத் திரியும். அந்த மாதங்களில் இருட்டு நேர வாக்கிங்கை விட்டுவிடுங்கள். பொன்னிக்குக் கருத்தடை ஆகியிருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. ஆகவில்லை என்றால், அவள் பருவத்துக்கு வரும் மூன்று வாரமும் கேட்டுக்கு வெளியே கூட்டிப் போகவே கூடாது. அன்றைக்கு மூன்று நாய்கள் ஒரேயடியாக வந்ததற்கு அதுவேகூடக் காரணமாக இருக்கலாம். தேதியை நினைத்துப் பாருங்கள்.

சரி, இனிப் பொன்னியோடு கிளம்பும் நாள். முதல் நாள் கேட்டைத் திறந்து வையுங்கள், வாசற்படியில் அவளோடு உட்காருங்கள், ஈரலைக் கொடுங்கள், உள்ளே வந்துவிடுங்கள். அவ்வளவுதான் வாக்கிங். சில நாள் கழித்து எதிர்வீட்டு வாசல் வரை. ஆரம்பத்தில் உங்கள் தெருவைவிட வேறு இடம் சுலபம்: காரில் கூட்டிப் போய்ச் சுற்றுச்சுவர் உள்ள காலி மனையிலோ, தெரிந்தவர்களின் தோட்டத்திலோ இறக்கிவிடலாம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கம்தானே என்று அங்கே போய்விடாதீர்கள். சிப்பிப்பாறை முயல் பிடிக்க வளர்த்த நாய். தாழப் பறக்கிற பறவையைப் பார்த்தால் பயமெல்லாம் மறந்துபோய் இழுத்துக்கொண்டு ஓடும், பறவைகளுக்கும் தொந்தரவு.

முயல் நாய் என்பதில் இன்னொன்றும் இருக்கிறது. தூரத்து அசைவை உங்களைவிடச் சீக்கிரம் அவள் கண்டுகொள்வாள். தெருக்கோடியில் நீங்கள் கவனிக்காத அசைவுகூட அவள் கண்ணில் பட்டுவிடும். அதனால் ரோட்டைப் பார்க்கிற நேரம்போக மிச்ச நேரத்தில் அவள் முகத்தைப் பாருங்கள். முதலில் வாய் மூடும். மூச்சு வாங்கிக்கொண்டு திறந்திருந்த வாய் சட்டென்று மூடிக்கொண்டால் எதையோ பார்த்துவிட்டாள் என்று அர்த்தம். அடுத்து காது பின்னால் ஒட்டும், நாக்கு மூக்கு நுனியைத் தொட்டுவிட்டுப் போகும், ஒரு முன்னங்கால் தரையிலிருந்து எழும். வாலை வைத்து முடிவு செய்யாதீர்கள். சிப்பிப்பாறையின் வால் சாதாரணமாகவே தொங்கித்தான் இருக்கும். வயிற்றுக்குள் செருகியிருந்தால் மட்டும் கணக்கில் எடுங்கள். முதுகுத்தண்டு முடி சிலிர்த்தால் குட்டை முடியில் ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும்.

வாய் மூடிய அந்தக் கணத்தில் ஈரலை நீட்டுங்கள். தின்றாள் என்றால் தூரம் சரியாக இருக்கிறது. அந்த நாயைப் பார்க்கட்டும், தின்னட்டும், திரும்பி நடங்கள். வாங்கிக் கீழே போட்டாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ நீங்கள் ரொம்பக் கிட்டே வந்துவிட்டீர்கள். பத்தடி, இருபதடி, தேவையென்றால் ஒரு தெருவே பின்னால் போங்கள். இதைத் தோல்வி என்று உங்கள் கணவர் நினைக்கக்கூடாது. தெருநாயோடு சிநேகமாவதை அவளிடமிருந்து நாம் எதிர்பார்க்கவே இல்லை. பயப்படுகிற பொருள் கண்ணில் பட்டால் இவர்கள் என்னை அங்கிருந்து கூட்டிப் போய்விடுவார்கள் என்று அவள் நம்பினால் போதும். அந்த நம்பிக்கை வந்த நாய் இன்னும் கொஞ்சம் கிட்டே போகவும் தானே துணியும். இதற்காக வீட்டுக்குள்ளேயே “வா, போலாம்” என்றதும் உங்களோடு சட்டென்று திரும்பி நடக்கக் கற்றுக்கொடுங்கள். கூடத்தில், மாடியில், வாசலில் என்று நூறு முறை விளையாட்டாகச் செய்திருந்தால்தான் தெருவில் அந்த வார்த்தை வேலை செய்யும்.

எத்தனை ஒதுங்கினாலும் ஏதாவது ஒரு நாய் கிட்டே வரத்தான் செய்யும். எல்லையில் நின்று குரைக்கிற நாய்க்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வளைந்து விலகி நடந்தால் போதும். ஓடினால் துரத்தும். முறைத்துப் பார்ப்பதும் வம்பு. உடம்பை நெளித்துக்கொண்டு, வாலை முழுதாக ஆட்டிக்கொண்டு வருகிற இளவட்ட நாய்க்கு ஒரு கை பிஸ்கட்டை அதன் முன்னே தரையில் இறைத்துவிட்டு நழுவுங்கள். பொறுக்கி முடிக்கும் நேரம் உங்களுக்குப் போதும். சத்தமே இல்லாமல், தலையைத் தாழ்த்தி, வால் விறைக்க வேகமாக வருகிற நாய்தான் ஆபத்து. அப்போது நின்றுகொண்டிருக்கும் காரையோ மதில் சுவரையோ பொன்னிக்கு முதுகுப் பக்கமாக வைத்து, நீங்கள் நடுவில் நின்று, அடிக்குரலில் “ஏய், போ!” என்று ஒரே அதட்டு. கையில் பொத்தான் குடை இருந்தால் அதை அந்த நாயின் பக்கம் விரியுங்கள். திடீரென்று பெரிதாகிற பொருளைக் கண்டால் பெரும்பாலான நாய்கள் பின்வாங்கும். இடையில் மறைப்பாகவும் இருக்கும். வெயிலுக்கும் மழைக்கும் உதவும், யாரும் ஒரு மாதிரி பார்க்கவும் மாட்டார்கள். பொன்னியையும் குடை பயமுறுத்தாமல் இருக்க வேண்டும். வீட்டிலேயே முதலில் மெதுவாக விரித்து ஈரல் கொடுத்துப் பழக்குங்கள்.

கம்பு இதனால்தான் வேண்டாம் என்கிறேன். குனிந்து கல் எடுப்பதுபோல் பாவனை செய்தாலே நம் ஊர்த் தெருநாய் ஓடும், உண்மைதான். கம்புக்கும் ஓடும். ஆனால் ஓங்கியவரை நினைவில் வைத்துக்கொள்ளும். நாளைக்கு நீங்கள் தெருமுனையில் தலைகாட்டும்போதே கூட்டத்தைச் சேர்க்கும். கம்பை ஓங்குகிற அதே நொடியில் அந்தக் கயிற்றின் மறுமுனையில் இருக்கிற பொன்னிக்கு என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். நாயை அடித்துக் காயப்படுத்துவது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. மிளகு ஸ்பிரே காற்றடிக்கிற பக்கம் போகும். அநேகமாக உங்கள் கண்ணுக்கே வரும்.

வீட்டு நாயை அவிழ்த்துவிட்டுப் பின்னால் கைபேசியோடு வருகிற சார் ஒருவர் எல்லா ஏரியாவிலும் இருப்பார். “ஒண்ணும் பண்ணாது மேடம், விளையாடத்தான் வருது” என்பார். என் நாய்க்குப் பயம் என்று சொன்னால் அவர் காதில் விழாது. “சார், பிடிச்சுக்குங்க, இதுக்குத் தோல் வியாதி, உங்க நாய்க்கு ஒட்டிக்கும்” என்று சொல்லுங்கள், ஓடி வந்து பிடிப்பார். பொய் சொல்லச் சொல்கிறேனே என்று நினைக்காதீர்கள், இதற்கு நான் பொறுப்பு.

சண்டையே வந்துவிட்டால் கையை நடுவில் விடாதீர்கள். வாளித் தண்ணீர், குடை, தள்ளுவண்டிப் பலகை என்று எது கிடைக்கிறதோ அதைக் குறுக்கே கொடுங்கள். பொன்னிக்குக் கடி பட்டால் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, தடுப்பூசி போட்டிருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள், மறு ஊசி தேவைப்படும். உங்களில் யாருக்காவது பல் பட்டாலோ நகம் கீறினாலோ, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மஞ்சள், காபித்தூள் எதுவும் வைக்கக்கூடாது. அப்படியே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஊசி தோலில் போட்டால் 0, 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேரும். ரத்தம் வந்த காயம் என்றால் அதைச் சுற்றி, உடனே பாதுகாப்புத் தருகிற எதிர்ப்புப் புரத ஊசியான இம்யூனோகுளோபுலினும் போட வேண்டும், நீங்களே கேளுங்கள். வெறிநோய்க்கு அறிகுறி வந்தபின் வைத்தியம் இல்லை. பார்க்கலாம் என்று ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் தெருநாய்களில் காது வெட்டாதவை நிறைய இருந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடையும் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் கொண்டுவந்து விட வேண்டும் என்பது 2023ஆம் ஆண்டு விலங்கு கருத்தடை விதிகள். திரும்பக் கொண்டுவருகிறார்களே என்று சலிக்காதீர்கள். தெரிந்த நாய்கள் போனால் அந்த இடத்துக்குத் தெரியாத நாய்கள் வரும், நீங்கள் போட்ட பிஸ்கட்டெல்லாம் வீண்.

இப்படி எட்டுப் பத்து வாரம் செய்தும் அவள் கேட்டருகே நடுங்கினாலோ, வீட்டுக்குள்ளேயே சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, பயத்துக்கு மருந்து உண்டு. மருத்துவர் எடை பார்த்துக் கொடுப்பார், தினசரி மாத்திரை சில மாதம் தேவைப்படலாம். அது நாயை மந்தமாக்கி மூலையில் போடுவதற்கான மருந்து அல்ல, கற்றுக்கொள்ளும் நிலைக்கு மனதைக் கொண்டுவருவது. வீட்டில் யாரோ சாப்பிடுகிற தூக்க மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள். தெருநாயைப் பார்த்ததும் அவர் கை தானாகக் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றும். எல்லோருக்கும் அப்படித்தான். கயிறு விறைத்த அந்த நொடியில் பொன்னிக்குச் செய்தி போய்விடும்: ஏதோ வருகிறது, ஓடவும் முடியாது. கயிறு எப்போதும் தளர்ந்து, நடுவில் கொஞ்சம் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். விலக வேண்டுமென்றால் கையை இழுக்காமல் காலால் திரும்பி நடக்க வேண்டும். மாமனாரையும் சும்மா உட்கார வைக்காதீர்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நாய் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போகிறது என்று ஒரு வாரம் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அவர் அளவுக்குப் பொறுமையாக இதைச் செய்ய வீட்டில் வேறு யாருக்கும் நேரம் இருக்காது.

மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பையும், கேட்டைத் திறக்கும்போது பொன்னி எப்படி இருக்கிறாள் என்று கைபேசியில் எடுத்த ஒரு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். மருத்துவமனை மேசையில் ஏறியதும் எல்லா நாயும் ஒரே மாதிரிதான் நிற்கும், அதை வைத்து அவரால் எதையும் சொல்ல முடியாது.